நாரே குளிக்க வராத குளிர்காலம்

யோங்தோத் தீவின் கப்பல் பட்டறைகளைத் தாண்டி மேட்டுத் தெருவில் ஏறினால், செங்கல் புகைபோக்கி வைத்த பழைய குளியலகம் ஒன்று வரும். அதன் பெண்கள் பகுதியில் உடம்பு தேய்த்துவிடுபவர் பியோன் மல்சூன். என்னைப் போல அந்த மேட்டில் குடியிருக்கும் பெண்களில் அவர் கைபடாத முதுகு அநேகமாக இல்லை. வாரம் முழுவதும் அலுவலகத்திலும் மீன் சந்தையிலும் அடுப்படியிலும் கூனிக் கிடந்த உடம்பைக் கொண்டுபோய், ரப்பர் விரிப்புப் போட்ட அவருடைய மேடையில் கிடத்துவோம். வெந்நீர்த் தொட்டியில் நன்றாக ஊறியிருக்கிறோமா என்று முழங்கைக்கு மேலே ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். ஊறவில்லை என்றால், வந்திருப்பவர் யாராக இருந்தாலும் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஊறியிருந்தால், பச்சை நிறச் சொரசொரப்புத் துணியைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து தொடங்குவார். தொடையில் ஒரு தட்டு விழுந்தால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்; இரண்டு தட்டு விழுந்தால் குப்புறப் படுக்க வேண்டும். அதற்கு மேல் உத்தரவு எதுவும் கிடையாது.

மல்சூன் குள்ளமானவர். தோள் அகலம், முன்கை பருமன். கறுப்பு உள்ளாடையோடு நாள் முழுவதும் நீராவியில் நிற்கும் தன் உடம்பைப் பற்றி அவருக்குக் கூச்சமும் இருந்ததில்லை, பெருமையும் இருந்ததில்லை. அது உழைக்கிறது, வலிக்கிறது, சோறு கேட்கிறது; அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் நாங்கள் அனைவரும் ஆடையில்லாமல் இருக்கிறோம் என்பது எங்களில் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் உடம்பைப் பற்றிய பேச்சு மட்டும் ஓயாது. ஒருவர் உள்ளே நுழைந்ததும் மற்றவர்கள் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்ததை உடனே சொல்லியும் விடுவார்கள். அந்தப் பேச்சுக்குத் தலைமை மல்சூன்தான்.

"என்னக்கா, வயித்துல ஒரு மடிப்பு புதுசா இருக்கே? மீனை வித்தீங்களா, தின்னீங்களா?" என்பார், ஜகல்ச்சி சந்தையில் மீன் விற்கும் தல்சிக்கின் அம்மாவைப் பார்த்து.

"விக்காத மீனை என்னடி பண்றது? கடல்லயா திருப்பி விட முடியும்?"

"அதுக்கு இந்த வயிறா கெடச்சுது?"

"உன் கையைப் பாத்துட்டு என் வயித்தைப் பேசுடி. மல்யுத்தத்துக்குப் போயிருந்தா இந்நேரம் ஒரு காளை மாட்டைப் பரிசா வாங்கி ஓட்டிட்டு வந்திருப்ப."

கூடம் முழுவதும் சிரிப்பு எதிரொலிக்கும். புதிதாகக் கல்யாணமானவள், பிள்ளை பெற்றவள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள், எவருக்கும் விலக்கு இல்லை. அந்தப் பேச்சில் நஞ்சு இருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. வெளியில் ஒருவரை ஒருவர் 'சாப்பிட்டீங்களா' என்று விசாரிக்கிறோம். உள்ளே 'இளைச்சிட்டீங்க', 'ஊதிட்டீங்க' என்று விசாரிக்கிறோம். இரண்டும் ஒரே அக்கறை என்பதே எங்கள் எண்ணம்.

மல்சூனின் ஒரே மகள் நாரே. பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்த தகப்பன் நுரையீரல் கெட்டு இறந்தபோது அவள் தொடக்கப்பள்ளிச் சிறுமி. பள்ளிவிட்டால் நேரே குளியலகத்துக்கு வந்து, உடை மாற்றும் அறையில், குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், கடைசி வாடிக்கையாளர் மேடையிலிருந்து எழுந்துபோன பிறகு, தாய் மகளைத் தேய்ப்பார். பிறகு மகள் தாயின் முதுகைத் தேய்ப்பாள். இருவரும் தலை ஈரத்தோடு மரப்பலகையில் உட்கார்ந்து வாழைப்பழப் பால் குடிப்பார்கள். எந்தத் தாயும் மகளும் செய்வதுதான்.

மகள் மேடையில் கிடக்கும்போதும் மல்சூனின் வாய் சும்மா இருக்காது. தொடையில் ஒரு தட்டுத் தட்டி, தொட்டியில் இன்னும் உட்கார்ந்திருப்பவர்களிடம், "இந்தக் காலைப் பாருங்கக்கா, சரியான முள்ளங்கி! இது ரெண்டையும் நறுக்கிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டா நம்ம தெருவே குளிர்காலத்தைத் தாண்டிரும்" என்பார். சிறுமியாக இருந்தபோது நாரே கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். வளர்ந்த பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மேடையில் படுப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம்தான் என்பதால் அது எவர் கண்ணிலும் தைக்கவில்லை.

விமானப் பணிப்பெண் ஆக வேண்டும் என்பது நாரேயின் ஆசை. அதற்குரிய ஈராண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்து, இரண்டு நேர்முகத் தேர்வுகளில் தோற்று, சொம்யோனில் உள்ள பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே நடையையும் சிரிப்பையும் படம்பிடித்து, பிறகு அனைவர் முன்னிலையிலும் திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். நாரேயின் முறை வந்தபோது பயிற்சியாளர் படத்தை நிறுத்தி, "முகம் நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் காமிராவுக்கு ஒரு சுத்து அதிகம்" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. குறிப்புச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணின் படத்துக்குப் போய்விட்டார்.

அன்று முதல் நாரே உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கினாள். முதல் சில மாதங்கள் அது நல்ல காரியமாகவே இருந்தது. அகாலத்தில் உடனடி நூடுல்ஸ் கிண்டித் தின்பதை விட்டாள். இனிப்பு ரொட்டியை நிறுத்தினாள். விடிந்ததும் கடலோரப் பாதையில் நடந்துவிட்டு, கன்னம் சிவந்து திரும்பினாள். மகளைப் பார்த்து மல்சூனும் வெள்ளைச் சோற்றில் பார்லி கலந்தார். உப்பு மீனைக் குறைத்தார். அவருடைய இரத்த அழுத்தம்கூட இறங்கியது. "எம்பொண்ணு எனக்கே வைத்தியம் பாக்குறா" என்று மேடையில் படுத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடை ஓட்டமாயிற்று. கடலோரப் பாதை போதாமல், பொங்னே மலையின் படிகளைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கத் தொடங்கினாள். மழை பெய்தாலும் நிறுத்தவில்லை. கால் சுளுக்கியபோதும் நிறுத்தவில்லை. தட்டில் இருந்தவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. முதலில் சோறு போயிற்று. பிறகு எண்ணெய் பட்ட எல்லாம் போயின. அவித்த கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை என்று மூன்றில் நின்றது. பிறகு கோழியும் போயிற்று. தாயோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. "நிலையத்துல சாப்பிட்டேம்மா" என்பாள். பயிற்சி நிலையத்துப் பெண்களிடம் ஒரு கணக்கு உண்டு: தன் உயரத்திலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் எடை இருக்க வேண்டும். நாரே அந்த எடையைத் தொட்டாள். தொட்ட அன்றே, அதற்குக் கீழே இன்னும் ஒன்றைக் குறித்துக்கொண்டாள்.

ஊர் அவளைக் கொண்டாடியது. தல்சிக்கின் அம்மா மேடையில் படுத்தபடியே, "நாரே அம்மா, நேத்து பஸ்ல உம்பொண்ணப் பாத்தேன். யாரோ நாடகத்துல நடிக்கிற பொண்ணுன்னு நெனச்சு நகந்து எடம் விட்டேன். கிட்ட வந்து வணக்கம் சொன்னப்பறந்தான் தெரியுது நம்ம முள்ளங்கின்னு" என்றார்.

மல்சூனுக்கு வாயெல்லாம் பல். "மனசு வெச்சா விடமாட்டாக்கா அவ. அப்பனைப் போலப் பிடிவாதம்."

"சரி சரி, மெதுவாத் தேயி. உம்பொண்ணு இளைச்ச சந்தோஷத்துல என் தோலை உரிச்சிராத."

இலையுதிர்கால அறுவடைத் திருநாளுக்கு முந்தைய நாள் ஊரே குளியலகத்துக்கு வரும். நாரே வரவில்லை. "அந்த நாள்மா" என்றாள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பொதுத் தொட்டிப் பக்கம் வருவதில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்பதும் இல்லை. மல்சூன் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வேறொரு காரணம் வந்தது. அதற்கடுத்த முறை மீண்டும் 'அந்த நாள்'. குளிர் இறங்கிய பிறகு நாரே தரைவரை தொங்கும் பஞ்சடைத்த மேற்கோட்டை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் இருந்தாள். அந்த ஆண்டு இளையவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குள்தான் நடமாடினார்கள். அதனால் அதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் வந்தது. பழைய ஆண்டின் அழுக்கோடு புது ஆண்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மேட்டுத் தெரு முழுவதும் தொட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. தல்சிக்கின் அம்மாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார் மல்சூன்.

"எங்க உன் சீமாட்டி? இன்னிக்கும் வரலியா?"

"அந்த நாளாம்க்கா."

"மறுபடியுமா? ஏண்டி, உம்பொண்ணுக்கு மட்டும் மாசத்துல எத்தனை தடவைடி வருது? நமக்கு நின்னுபோனதையும் சேத்து அவளே வாங்கிக்கிட்டாளா?"

தொட்டிக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மல்சூனும் சிரித்தார். பிறகு அவர் கை தல்சிக் அம்மாவின் முதுகின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. "தூங்கிட்டியா?" என்று தல்சிக் அம்மா கேட்ட பிறகுதான் மீண்டும் நகர்ந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மல்சூன் குளியலறையில் கைகழுவும் தொட்டியின் கீழே குனிந்து பார்த்தார். கோடையில் பேரங்காடியில் சலுகை விலைக்கு வாங்கிய மாதவிலக்கு நாப்கின் கட்டு, ஒட்டிய நாடாகூடப் பிரியாமல் அங்கேயே இருந்தது. அவருக்கு அது தேவைப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இருப்பவர்கள் இருவரே.

மல்சூன் போன்ற ஒரு தாய்க்கு அடுத்து என்ன தோன்றுமோ, அதுவே தோன்றியது. விலக்கு நின்றிருக்கிறது. உடம்பைத் தாயிடம் காட்ட மறுக்கிறாள். கோட்டைக் கழற்றுவதில்லை. குக்கரைத் திறந்து சோற்றின் ஆவி எழுந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். பெண்பிள்ளை கர்ப்பமாக இருக்கிறாள். பயந்துபோய் ஒளிக்கிறாள்.

அவர் கோபப்படவில்லை. புத்தாண்டு விருந்தாளிகள் வந்து வணங்கிப் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு சந்தைக்குப் போய் நீளக் கடற்பாசி வாங்கினார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்கும் பாசியில் பேரம் பேசக் கூடாது, அதை மடித்துக் கட்டவும் கூடாது. கடைக்காரர் புரிந்துகொண்டு, ஆளுயரப் பாசியை மடிக்காமல் நீளவாக்கில் கட்டி, "நல்லபடியாப் பொறக்கட்டும்" என்று கொடுத்தார். பேருந்தில் அதைக் குடைபோல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்த தாயின் மனத்தில் அவமானத்தைவிட வேறொன்று மேலோங்கியிருந்தது. அந்த வயிற்றுக்குள் சோறு போகவில்லையே என்ற கவலை அது.

மாட்டிறைச்சியை நல்லெண்ணெயில் வதக்கி, பாசியைப் போட்டு, வெகுநேரம் கொதிக்கவிட்டுக் கிண்ணத்தில் ஊற்றினார். சோற்றையும் வைத்து மகளைக் கூப்பிட்டார்.

நாரே கிண்ணத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"பாத்தாத் தெரியலயா? உக்காந்து சாப்பிடு."

"அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. பரீட்சைக்குப் போறவளுக்கு யாராவது கடற்பாசி சூப் வைப்பாங்களா? வழுக்கி விழணும்னே வேண்டிக்கிறியா?"

பாசி வழுவழுப்பானது; தேர்வுக்குப் போகிறவர் அதைத் தின்றால் சறுக்கிவிடுவார் என்பது இங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். மகள் இன்டர்வியூவுக்குப் போகவே போவதில்லை என்று தன் மனத்தில் முடிவுகட்டிவிட்ட மல்சூனுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"இன்டர்வியூ கெடக்குது. எத்தனை மாசம்?"

"என்ன எத்தனை மாசம்?"

"நான் அடிக்க மாட்டேன்டி. யாரு என்னன்னுகூட இப்பக் கேக்கல. நீ சாப்பிடு மொதல்ல. உனக்காக இல்லாட்டியும் உள்ள இருக்கிறதுக்காகவாவது சாப்பிடு."

நாரேக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்கவில்லை என்று மல்சூன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"உள்ள இருக்கிறதா? யாரும்மா இருக்காங்க உள்ள? நீயே பாத்துக்க."

கோட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே போட்டிருந்த மூன்று கம்பளிச் சட்டைகளையும் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தாள்.

மல்சூன் எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவர். நோய் தின்ற உடம்புகளையும், தொண்ணூறு வயதில் தோலும் எலும்பும் மட்டும் மிஞ்சிய உடம்புகளையும் தேய்த்தவர். ஆனால் அவை எல்லாம் வாழ்ந்து முடித்த உடம்புகள். இது, அவருக்குத் தலைமுதல் கால்வரை மனப்பாடமான உடம்பு. அதில் அவருக்குத் தெரிந்த எதுவுமே மிச்சமில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அவற்றுக்குக் கீழே வயிறு என்று சொல்ல ஒரு குழிதான் இருந்தது. கர்ப்பமாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கணத்தில் மனம் ஏங்கியதாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்றார்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும். முடிஞ்சதும் நானே சாப்பிடறேன்."

"இப்ப வா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு விடச் சொல்றியா? இளைச்சிருக்கா, அழகா இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது நீதானே?"

நாரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூப் ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

மறுநாள் குளியலகத்துக்கு விடுமுறை. திருநாள் கூட்டத்துக்குப் பிறகு ஒருநாள் மூடிவைத்துத் தொட்டிகளைக் கழுவுவது வழக்கம். மல்சூன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நாரே அறைக்குள்ளிருந்து வந்து நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"குளிருதும்மா. தரைச் சூட்டை எவ்வளவு ஏத்தினாலும் உள்ள போக மாட்டேங்குது. யாரும் இல்லல்ல அங்க? கொஞ்ச நேரம் தொட்டில இறங்கட்டுமா?"

அவள் கேட்டது அதுமட்டுமே. இருவரும் மேட்டில் ஏறினார்கள். மலைப்படிகளை ஓடி ஏறுபவள் அந்தச் சிறிய ஏற்றத்தில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மல்சூன் பெரிய தொட்டியைத் திறக்கவில்லை. "இந்த உடம்போட வெந்நீர்ல எறங்கினா மயக்கம் போட்டு உள்ளயே போயிருவ" என்று சொல்லி, வாளியில் மிதமான சூட்டில் நீர் பிடித்து, மேடையையும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினார். அதற்குள் நாரே உடை மாற்றும் அறையில், சுவர் முழுவதும் பதித்திருந்த கண்ணாடியின் முன் நின்றாள். ஆடையில்லாமல் அவள் அப்படி நின்று நெடுங்காலம் ஆகியிருந்தது.

"பாத்தியாம்மா?" என்று தொடையின் பக்கத்தோலைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினாள். "எல்லாம் போச்சு, இது மட்டும் போகவே மாட்டேங்குது. இன்னும் அப்படியேதான் இருக்கு."

மல்சூனுக்கு முதலில் சினம் வந்தது. நடிக்கிறாள் என்று நினைத்தார். பிறகு கண்ணாடிக்குள் மகளின் கண்களைப் பார்த்தார். அங்கே நடிப்பில்லை. அவள் உண்மையாகவே பருத்த காலொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாதாடி மாற்றக்கூடிய பொய்யாக இருந்தால் வாதாடலாம். இது வேறு.

அவர் வாதாடவில்லை. மகளைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திருப்பினார். மேடைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தார். சொரசொரப்புத் துணியைக் கையில் மாட்டியவர், முதுகைப் பார்த்ததும் கழற்றிவிட்டார். தோள்பட்டை முழுவதும் மெல்லிய பூனைமயிர் முளைத்திருந்தது. பிறந்த குழந்தையின் முதுகில் இருக்குமே, அதுபோல. முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சின் மேலும் தோல் கன்றியிருந்தது. சோப்பை வெறும் கையில் குழைத்து, மெல்லிய கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவுவதுபோலக் கழுவினார். மகளின் உடம்பு நடுங்க நடுங்க, வாளிநீரை முகந்து முகந்து ஊற்றினார்.

பிறகு அவள் கையைப் பிடித்து, அவளுடைய இடுப்பெலும்பின் மேலேயே வைத்தார்.

"கண்ணை மூடிக்க. கண்ணால பாக்காத, கையால பாரு. என்ன இருக்கு அங்க?"

"...எலும்பு."

கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தார். ஈரமான, தடித்த சதை.

"இங்க?"

"அம்மா."

"என்ன இருக்கு, சொல்லு."

"சூடா இருக்கு" என்றாள் நாரே.

மீண்டும் அவள் கையை அவளுடைய தொடைக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலும் நடுவிரலும் விரிந்து, ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுவிடும்போல அதை வளைத்துப் பிடித்தன. நாரே கண்ணைத் திறக்கவில்லை. விரல்களைத் தளர்த்திவிட்டு மீண்டும் பிடித்துப் பார்த்தாள். அவள் நம்பாததுபோல இன்னொரு காலிலும் பிடித்துப் பார்த்தாள்.

"இது என் கால் இல்லம்மா" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அன்று பிற்பகலே மருத்துவமனைக்குப் போனார்கள். இதயத் துடிப்பைப் பார்த்த இளம் பெண் மருத்துவர், வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி நாரே கேட்டாள்.

"போகாதீங்கன்னு நான் கட்டிப்போட முடியாது" என்றார் மருத்துவர். "ஆனா அங்க படியேறும்போது இந்த இதயம் நின்னுச்சுன்னா, ஓட வைக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

நாரே வெகுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு தாயைப் பேசவிடாமல் தானே தொலைபேசியை எடுத்து, வெள்ளிக்கிழமை வர இயலாது என்று தெரிவித்தாள். எதிர்முனையில் இருந்தவர் காரணம் கேட்டிருக்க வேண்டும். "உடம்பு சரியில்லைங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

இனி ஊட்டிவிட்டால் தேறிவிடுவாள் என்றே மல்சூன் நம்பினார். மறுநாள் விடிகாலையிலேயே மாட்டெலும்பைக் கொதிக்கவைத்துப் பால்போல வெளுத்த சூப்பைத் தூக்கில் கொண்டுபோனார். செவிலியர் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். பட்டினியில் ஒடுங்கிய உடம்புக்குள் ஒரேயடியாகச் சத்தைக் கொட்டினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்றார். நீர்த்த கஞ்சி சில மடக்கு. மறுநாள் இன்னும் கொஞ்சம். மருந்தைப் போலவே வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அந்தக் கஞ்சிக்கும் நாரே அழுதாள், ஒளித்துவைத்தாள், ஒருமுறை கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். தின்பதே அவளுக்குத் தோல்வியாகத் தெரிந்தது. மேடையில் கையால் தொட்டு அறிந்த உண்மை, கண்ணாடியைப் பார்த்ததும் மறுபடி கைநழுவிப் போயிற்று. அவளுக்கு அதைத் திரும்பத் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தாய்க்கும் விதிகள் இருந்தன. சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது. எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்கக் கூடாது. இளைத்தாய் என்றும் சொல்லக் கூடாது. பூசியிருக்கிறாய், முகம் தெளிந்திருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. அவள் உடம்பைப் பற்றி மட்டுமல்ல, எவர் உடம்பைப் பற்றியும் அவள் காதுபடப் பேசக் கூடாது.

"அப்ப நான் எதைத்தான் பேசறது, டாக்டர்?" என்று மல்சூன் கேட்டார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வேற எதையாவது பேசுங்க."

வேறு எதுவும் அவரிடம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பல நாட்கள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்.

வசந்தத்தில் நாரே வீடு திரும்பினாள். அதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இலையுதிர்காலத்தில் அவள் மறுபடி படியேறத் தொடங்கினாள், மறுபடி தட்டு சுருங்கியது, மறுபடி மருத்துவமனை. இம்முறை அவளே வந்து சொன்னாள் என்பதுதான் வேறுபாடு. பணிப்பெண் ஆசையை அவள் விட்டுவிட்டாள் என்றும் சொல்ல முடியாது; அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கிறாள். மாலையில் கடலோரப் பாதையில் தாயோடு நடக்கிறாள். மருத்துவர் நடக்க மட்டும் அனுமதித்திருக்கிறார்; மல்சூனின் குட்டைக் காலுக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு.

குளியலகத்தில் நாங்கள் கண்ட மாறுதல் மல்சூனின் மௌனம். கழுத்தில் தொடங்கிக் காலில் முடியும்வரை ஒரு வார்த்தை வராது. தல்சிக்கின் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏண்டி, வாய்ல கொழுக்கட்டையா? நான் என்ன பொணமா, இப்படிப் பேசாமத் தேய்க்கிற? எவ்வளவு ஊதிட்டேன் பாரு, ஏதாவது சொல்லு."

"உடம்பைப் பத்தி மட்டும் வேண்டாங்க்கா. வேற எது வேணாலும் பேசலாம்."

"வேற என்னடி இருக்கு இங்க பேச?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார் மல்சூன்.

தொட்டியில் இருந்த எவரும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்துத் தல்சிக்கின் அம்மா, யாரிடமும் என்றில்லாமல், தன் மகன் படகுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என்ன வண்ணம் என்று மல்சூன் கேட்டார்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவர்கள் வீட்டில் என்னைச் சாப்பிட அழைத்திருந்தார்கள். தாழ்வான மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். பார்லிச் சோறு, சோயாக் குழம்பு, வாட்டிய கானாங்கெளுத்தி, கீரை. மகளுக்கு எதிரே அமராமல், பக்கவாட்டில், சன்னலைப் பார்த்தபடி மல்சூன் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே, குளியலகத்தின் கொதிகலன் பழுதான கதையை ஆரம்பித்தார். பழுது பார்க்க வந்தவர் முதலில் குழாயைக் குறை சொன்னார், பிறகு எண்ணெயைக் குறை சொன்னார், பிறகு முதலாளியம்மாவின் ராசியைக் குறை சொன்னார். கடைசியில் பார்த்தால் மின்செருகியைப் பொருத்தவே இல்லை.

"அப்ப முதலாளியம்மா என்ன சொன்னாங்க?" என்று நாரே கேட்டாள்.

"என்ன சொல்வாங்க? 'தம்பி, என் ராசியை அந்த ஓட்டையில கொஞ்சம் சொருகிட்டுப் போ'ன்னாங்க."

நாரேக்குச் சிரிப்பு வந்தது. வாயில் சோற்றோடு கையால் பொத்திக்கொண்டாள். மல்சூன் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே, பட்டறையில் ஏற்றிவைத்த கப்பலின் விளக்குகளைப் பார்த்தபடி, கொதிகலன்காரர் கூலி கேட்ட கட்டத்துக்குப் போனார். அவருக்குப் பக்கத்தில் கரண்டி கிண்ணத்தின் அடியில் உரசும் ஓசை கேட்டது. ஒருமுறை, சிறிது இடைவெளி விட்டு மறுபடி. மல்சூனின் கழுத்து நரம்பு விறைத்ததை நான் பார்த்தேன். அவர் குரல் மட்டும் எங்கும் நிற்காமல், கதையை மேலும் மேலும் நீட்டிக்கொண்டே போனது.